ரைஃபிளுக்கு வீட்டுலயே கேமோ அடிக்கிறது: மேஜையில வச்சு ரசிக்காதீங்க, முப்பது தப்படி தள்ளி நின்னு பாருங்க

ரைஃபிளுக்கு கேமோ, அதாவது காட்டோட கலந்து கண்ணுக்கு தெரியாம போற மாதிரி திட்டு திட்டா பெயிண்ட், அடிக்கணும்னு கெளம்புற எல்லாரும் மொதல்ல போய் நிக்கிற எடம் கலர் தான். எந்த பச்சை, எந்த பழுப்பு, எத்தனை டப்பான்னு. நானும் அப்படித்தான், மொத தடவை 5 கலர் வாங்குனேன், அதுல ரெண்டு டப்பா இன்னும் மூடி கூட கழட்டாம அலமாரில கெடக்கு. உண்மையில பெயிண்ட் அடிக்கிறதுன்னு பாத்தா கையில வேலை ஒரு மணி நேரம் கூட இருக்காது, மிச்சம் எல்லாம் தொடைக்கிறது, டேப் ஒட்டுறது, காயிற வரைக்கும் கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கிறது. அந்த கடைசி வேலை தான் இருக்கிறதுலயே கஷ்டம்.

பெயிண்ட் டப்பாவ தொடுறதுக்கு முன்னாடி துப்பாக்கி காலியா இருக்கான்னு பாருங்க. மேகசின கழட்டி, போல்ட்ட பின்னாடி இழுத்து, சேம்பருக்குள்ள, அதான் தோட்டா உக்கார்ற குழிக்குள்ள, கண்ணால பாருங்க, அப்புறம் சுண்டு விரல விட்டும் தடவி பாருங்க, நேத்து நான் தானே காலி பண்ணேன்னு நெனப்ப நம்பாதீங்க. தோட்டா டப்பா அந்த ரூம்லயே இருக்கக் கூடாது. ஏர் ரைஃபிள்னா காக் பண்ணாத, அதாவது சுட தயாரா இழுத்து வைக்காத நெலைல, உள்ள பெல்லட் இல்லாம. இன்னொன்னு, சீரியல் நம்பர். அது பதிச்சிருக்கிற எடத்துல ஒரு துளி பெயிண்ட் கூட வேணாம், நம்பர மறைக்கிறதோ சுரண்டுறதோ நெறைய நாட்டுல குற்றம், பின்னாடி நான் டிசைனுக்காக அடிச்சேன்னு சொன்னா யாரும் கேக்கப் போறதில்ல. அதே மாதிரி ஏர்சாஃப்ட், பொம்மை துப்பாக்கில முனைல ஆரஞ்சு கலர் இருந்தா அத அப்படியே விட்டுடுங்க, அது இது நெஜ துப்பாக்கி இல்லன்னு தூரத்துல இருக்கிறவனுக்கு சொல்றதுக்காக இருக்கு, அத மறைச்சுட்டு வெளிய எடுத்துட்டு போறது உங்க உயிரோட வெளையாடுறது.

அப்புறம் பழைய வால்நட் கட்டை ஸ்டாக், நல்லா பாலிஷ் போட்ட ப்ளூயிங் (இரும்புக்கு குடுக்கிற கருநீல பூச்சு), இந்த மாதிரி துப்பாக்கி வச்சிருக்கிறவங்க தயவு செஞ்சு இத இதோட மூடிட்டு போயிடுங்க. அதுக்கெல்லாம் தனக்குத்தானே ஒட்டிக்கிற துணி மாதிரியான கேமோ டேப் இருக்கு, பசை இல்லாதது, சுத்திக்கிட்டு போயிட்டு வந்து உரிச்சுடலாம். வந்த உடனே உரிச்சுடணும், ஈரத்த புடிச்சு வச்சுக்கிட்டு அடில இரும்பு துரு ஏறிடும். நான் சொல்றது ப்ளாஸ்டிக் ஸ்டாக், மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பு இல்லாத உலோகம் உள்ள, அடிச்சா மனசு கஷ்டப்படாத ரைஃபிளுக்கு.

இப்ப எதுக்கு கேமோன்னு ஒரு நிமிஷம். காட்டுல கருப்பு ரைஃபிள் ஏன் பளிச்சுன்னு தெரியுதுன்னா, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரா இருக்கிற கருப்பு பொருள் அங்க வேற எதுவும் கெடையாது. நிழல் கூட முழு கருப்பா இருக்காது. அது போக மினுமினுப்பு வேற, லேசா திருப்புனாலே பேரல்ல வெயில் அடிச்சு மின்னும். அதனால உங்களுக்கு வேலை ரெண்டே ரெண்டு தான், மினுமினுப்ப கொல்லணும், நேர்கோட்ட ஒடைக்கணும். மொத வேலைய மேட் காக்கி கலர் ஒண்ண மட்டும் அடிச்சாலே முடிச்சுடலாம், சத்தியமா சொல்றேன், டிசைன் எதுவும் இல்லாம ஒரே காக்கில அடிச்ச ரைஃபிள் கூட கருப்ப விட எவ்வளவோ மேல்.

நேர்கோட்ட ஒடைக்கிறதுல தான் நம்மாளுங்க சறுக்குறாங்க. மேஜைல வச்சு கிட்ட பாத்துக்கிட்டே அடிப்பாங்க, சின்ன சின்ன இலை, சின்ன சின்ன புள்ளின்னு அவ்வளவு நுணுக்கமா இருக்கும், ஃபோட்டோ எடுத்தா அழகா இருக்கும். ஆனா தூரத்துல போனா அந்த சின்ன புள்ளி எல்லாம் ஒண்ணா கலந்து ஒரே கலரா தெரியும், மறுபடி பழைய நேர்கோடு தான். இது ஏதோ நம்ம வீட்டுல மட்டும் நடக்கிற தப்புன்னு நெனக்காதீங்க. அமெரிக்க ராணுவம் 2004ல எல்லா நெலத்துக்கும் ஒரே டிசைன்னு சாம்பல் பச்சை கட்டம் கட்டமா ஒரு யூனிஃபார்ம் கொண்டு வந்தாங்க, அதுல கலருக்கும் கலருக்கும் வித்தியாசம் கம்மி, தூரத்துல பாத்தா ஒரே வெளிறுன உருண்டையா தெரிஞ்சுது, 2010லயே ஆப்கானிஸ்தான் போறவங்களுக்கு மல்டிகேம்னு வேற ஒரு கேமோ டிசைன குடுக்க ஆரம்பிச்சு 2019ல பழசுக்கு மொத்தமா விடை குடுத்துட்டாங்க. அவ்வளவு பெரிய ராணுவமே மாட்டுன எடம் அது. அதனால டிசைன் உள்ளங்கை அளவுக்கு பெருசா இருக்கட்டும், கலருக்கு கலர் வித்தியாசம் கண்ணுக்கு தெரியட்டும், ஒரு பட்டை ஸ்டாக்ல ஆரம்பிச்சு குறுக்கால ஏறி ஸ்கோப் (குறி பாக்குற தொலைநோக்கி) மேலயே போயிடட்டும். ஸ்டாக் தனி டிசைன், பேரல் தனி டிசைன்னு அடிச்சா அந்தந்த பாகத்தோட உருவம் அப்படியே தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம், மானு, முயலு, மீனு எல்லாத்துக்கும் முதுகு கருமையா வயிறு வெளுப்பா இருக்கும், பாத்திருப்பீங்க. மேல இருந்து வெளிச்சம் விழும்போது அடிப்பக்கம் நிழலாகும்ல, அத சரிக்கட்ட தான் அது. அபாட் தேயர்னு ஒரு அமெரிக்க ஓவியர் 1896லயே இத எழுதி வச்சுட்டார். ரைஃபிள்லயும் ஸ்டாக்குக்கு அடில, மேகசின் பக்கம் வெளிர் கலர் அதிகமா, மேல்பக்கம் கொஞ்சம் அடர்த்தியா வச்சு பாருங்க, அந்த உருண்டை தன்மை கொறஞ்சு தட்டையா தெரியும்.

கலருக்கு வருவோம். 3 போதும். வெளிர் காக்கி இல்லனா மணல் கலர் ஒண்ணு, நடுவுல ஆலிவ் பச்சையோ பழுப்போ ஒண்ணு, கொஞ்சமே கொஞ்சம் அடர் பழுப்பு ஒண்ணு. கருப்பு வாங்காதீங்க, ஏற்கனவே ரைஃபிள்ல இருக்கிறது பத்தாதா. நீங்க போற எடத்துல இருந்து ஒரு கைப்பிடி மண்ணு, காஞ்ச புல்லு, ஒரு துண்டு மரப்பட்டை எடுத்துட்டு வந்து பகல் வெளிச்சத்துல அட்டைல அடிச்சு பாத்த கலரோட பக்கத்துல வைங்க. பெரும்பாலும் உங்க மனசுல இருக்கிற கலர விட நெஜம் வெளிர்ந்து தான் இருக்கும், பச்சை அதுல கம்மியா தான் இருக்கும். பச்சைன்னதும் இலை பச்சை எடுக்காதீங்க, நல்லா மங்குன ஆலிவ் எடுங்க. டப்பா மேல மேட், இல்லனா அல்ட்ரா ஃப்ளாட்னு போட்டிருக்கணும், சாட்டின்னு இருந்தாலே வேணாம், அது லேசா மினுங்கும்.

க்ரைலான், ரஸ்ட் ஓலியம் ரெண்டுலயும் கேமோவுக்குன்னே தனியா மேட் ஸ்ப்ரே வருது, மொத தடவை பண்றவங்களுக்கு அது போதும், புடிக்கலனா எடுத்துடலாம். செராகோட் மாதிரி துப்பாக்கிக்குன்னு வர்ற கோட்டிங் சமாச்சாரம் எல்லாம் ரொம்ப உறுதி, ஆனா மணல் வீசி மேற்பரப்ப சொரசொரப்பாக்கி, அடிச்சு, அவன்ல வச்சு சுடணும். சமையல் அவன்ல மட்டும் வச்சுடாதீங்க, அப்புறம் அதுல சாப்பாடு செய்ய முடியாது. டூ கே க்ளியர்னு ரெண்டு பொருள் கலந்து வர்ற கோட்டிங்ல ஐசோசயனேட் இருக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது, அதுக்குண்டான காத்து சப்ளை மாஸ்க் இல்லாம வீட்டுல அத தொடாதீங்க.

இப்ப சுத்தம் பண்றது. பெயிண்ட் உரியுதுன்னு சொல்றவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு காரணம் பெயிண்ட் இல்ல, எண்ணெய். துப்பாக்கி எண்ணெய் ஒரு பொல்லாத சாமான், ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள, ஸ்டாக்கும் உலோகமும் சேர்ற சந்துக்குள்ள உக்காந்திருக்கும், நீங்க மேல பளிச்சுன்னு தொடைச்சு வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்து பாத்தா மெதுவா கசிஞ்சு வெளிய வந்திருக்கும். அதனால ஒரு தடவை தொடைச்சு, ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி தொடைங்க. ஸ்டாக்க கழட்ட முடிஞ்சா கழட்டி பாத்திரம் கழுவுற சோப்பு தண்ணில பழைய டூத் பிரஷ் வச்சு தேய்ச்சு நல்லா காய விடுங்க. ப்ளாஸ்டிக் வழவழன்னு இருந்தா பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் வச்சு லேசா, அந்த வழவழப்பு போற அளவுக்கு மட்டும், ஒரு தேய் தேய்ங்க. உலோகத்துக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், வெளுத்த துணில நனைச்சு, துணி அழுக்காகாத வரைக்கும். பிரேக் க்ளீனர் வேகமா வேலை செய்யும் தான், ஆனா சில ப்ளாஸ்டிக்க அது இளக்கிடும், அசிட்டோன் அத விட மோசம், ப்ளாஸ்டிக் பக்கமே கொண்டு போகாதீங்க. சிலிக்கான் கலந்த துணி, சிலிக்கான் ஸ்ப்ரே இதெல்லாம் பட்டிருந்தா அந்த எடத்துல பெயிண்ட் ஒட்டாம மீன் கண்ணு மாதிரி வட்ட வட்டமா வெலகி நிக்கும்.

தொடைச்சதுக்கு அப்புறம் வெறும் கையால தொடாதீங்க, க்ளவுஸ் போட்டுக்கோங்க. இத நான் அனுபவப்பட்டு சொல்றேன். மொத ரைஃபிள்ல எல்லாம் தொடைச்சு முடிச்சுட்டு கம்பில மாட்டும்போது ஒரு தடவை தான் ஸ்டாக்க அழுத்தி புடிச்சேன், அடிச்சதும் ஒண்ணும் தெரியல, நல்லா தான் இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு அந்த எடத்துல மட்டும் பெயிண்ட் செதிலா வந்துச்சு, உரிஞ்ச எடம் அப்படியே கட்டைவிரல் வடிவம், ரேகை கூட எண்ணலாம் போல.

அடுத்து டேப். பெயிண்டர் பயன்படுத்துற மாஸ்கிங் டேப் வாங்குங்க, பழுப்பு பார்சல் டேப் பசை விட்டுட்டு வரும். பேரல் முனைல காதுல வைக்கிற ஃபோம் அடைப்பான் ஒண்ண சுருட்டி விட்டா கச்சிதமா விரிஞ்சு அடைச்சுக்கும், கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி விடுங்க. சுட்ட தோட்டாவோட காலி உறை வெளிய வர்ற ஓட்டைல ஃபோம் துண்டு, மேகசின் போற குழில பழைய மேகசினோ ஃபோமோ. ட்ரிகர், சேஃப்டி, போல்ட் வழுக்கிக்கிட்டு போற எடம், இப்படி அசையுற எடம் எதுலயும் பெயிண்ட் படக் கூடாது. சேஃப்டில செவப்பு புள்ளி இருக்கும்ல, அதையும் சேத்து மூடுங்க. பின்னாடி தோள்ல வைக்கிற ரப்பர்ல அடிச்சா எப்படியும் உதிரும், மூடிடுங்க. ரயில்ல (ஸ்கோப் மாதிரி சாமான் மாட்டுற பல்லு பல்லான பட்டை) பிற்பாடு ஏதாவது மாட்டுற எண்ணம் இருந்தா அதுக்கும் ஒரு பட்டை.

ஸ்கோப்ப கழட்டலாமா வேணாமான்னு கேப்பீங்க. நான் கழட்ட மாட்டேன், ஒண்ணு ஜீரோ, அதான் ஸ்கோப்ல சரி பண்ணி வச்ச குறி, கெடாது, ரெண்டாவது டிசைன் தொடர்ச்சியா வரும். ஆனா ரெண்டு லென்ஸும் மொத்தமா மூடணும், லென்ஸ் அளவுக்கு பேப்பர் வட்டமா வெட்டி வச்சு அதோட விளிம்புல மட்டும் டேப் ஒட்டுங்க, டேப் பசை லென்ஸ்ல படக் கூடாது. டரெட் (குறிய சரி பண்ற திருகு), ஜூம் வளையம், ஃபோகஸ், பேட்டரி மூடி எல்லாத்தோட எண்ணும் கோடும் பெயிண்ட்ல மறையாம டேப்பால மூடணும், இல்லனா அப்புறம் எத்தனை க்ளிக் வச்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது. ஆலன் ஸ்க்ரூ தலைக்குள்ள பேப்பர் உருண்டை ஒண்ணு திணிச்சு வைங்க, பெயிண்ட் நெறஞ்சா சாவி உள்ள போகாது. டேப் ஓரத்த நகத்தால அழுத்தி ஒரு ஓட்டு ஓட்டுங்க, அந்த ஓரத்துல தான் பெயிண்ட் உள்ள ஏறும்.

எல்லாம் முடிஞ்சதும் எத்தனை எடத்துல என்னென்ன அடைச்சீங்கன்னு ஒரு துண்டு டேப்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க. 7 அடைச்சா 7 வெளிய வரணும். பேரல்ல அடைப்பான் இருக்கிறது மறந்து சுட்டா பேரல் வெடிக்கலாம், இதுல வெளையாட்டே இல்ல.

எடம் வெளில, நிழல்ல, காத்தில்லாத நேரம். வெப்பம் 10 டிகிரில இருந்து 32 டிகிரிக்குள்ள, ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு கீழ இருந்தா நல்லது, மழை வர்ற மாதிரி இருந்தா நாளைக்கு பாத்துக்கலாம். ரைஃபிள ட்ரிகர் கார்டு வழியா ஒரு கம்பிய விட்டு தொங்க விட்டா சுத்தி சுத்தி அடிக்கலாம், கீழ படுக்க வச்சு அடிச்சா ஒரு பக்கம் காயிற வரைக்கும் மறுபக்கம் தொட முடியாது. மாஸ்க்குன்னா துணி மாஸ்க் இல்ல, ரசாயன ஆவிக்குன்னு கார்ட்ரிட்ஜ் வச்சது. டப்பாவுக்குள்ள இருந்து தள்ளுற வாயு பத்தக்கூடியது, அதனால பக்கத்துல அடுப்பு, சிகரெட், ஹீட்டர் எதுவும் வேணாம். குளிரா இருந்தா டப்பாவ வெதுவெதுப்பான தண்ணில 10 நிமிஷம் வச்சுட்டு எடுத்தா பிசிறு கம்மியா நைசா வரும், வெதுவெதுப்புன்னா கை வைக்கிற சூடு, கொதி தண்ணில போட்டுடாதீங்க, 50 டிகிரிக்கு மேல டப்பா வெடிக்கலாம்.

டப்பாவ குலுக்குறதுல சோம்பல் படாதீங்க. உள்ள இருக்கிற குண்டு கடகடன்னு சத்தம் குடுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஒரு நிமிஷம், மேட் பெயிண்ட்ல மேட் ஆக்குற பொடி அடில தங்கியிருக்கும், சரியா குலுக்கலனா பாதி பளபளன்னு பாதி மங்கலா வரும். மொதல்ல அட்டைல ஒரு தடவை அடிச்சு பாருங்க. அப்புறம் ரைஃபிள்ல இருந்து 25, 30 செ.மீ. தள்ளி வச்சு, ரைஃபிளுக்கு வெளியவே அழுத்த ஆரம்பிச்சு, நேரா கடந்து போய், அந்த பக்கம் வெளிய போனதும் விடுங்க. ரைஃபிள் மேலயே அழுத்துறது, மேலயே விடுறது, ரெண்டும் பொட்டு பொட்டா விழ வைக்கும். மணிக்கட்ட மட்டும் ஆட்டாதீங்க, கைய தோள்ல இருந்து நகத்துங்க, வெள்ளையடிக்கிறவர் கைய பாத்திருப்பீங்க, அந்த மாதிரி. மொத கோட் வெறும் மூட்டம் போட்ட மாதிரி தான் இருக்கணும், அடில கருப்பு நல்லா தெரியணும். இங்க தான் எல்லாருக்கும் கை அரிக்கும், இன்னும் ஒரு தடவை அடிச்சா மூடிடுமேன்னு. மூடும், கூடவே வழியும். 10, 15 நிமிஷம் விட்டு ரெண்டாவது, மறுபடி விட்டு மூணாவது. சந்து பொந்த மொதல்ல அடிச்சுட்டு அப்புறம் பரந்த எடத்துக்கு வாங்க.

வழிஞ்சுடுச்சா, துணிய எடுத்துட்டு ஓடாதீங்க, ஈரமா தொடைச்சா அத விட அசிங்கமாகும். முழுசா காய விட்டு நைஸ் உப்புத்தாள்ல தேய்ச்சுட்டு அந்த எடத்துல மட்டும் மறுபடி அடிங்க. அடிச்சது மணல் மாதிரி சொரசொரன்னு இருந்தா நீங்க ரொம்ப தள்ளி நின்னு அடிக்கிறீங்க, பெயிண்ட் காத்துலயே காஞ்சு பொடியா வந்து விழுது.

டப்பாவுக்கு பின்னாடி மறுபடி அடிக்கிற நேரம்னு ஒண்ணு போட்டிருக்கும், யாரும் படிக்க மாட்டோம். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள அடி, இல்லனா 24 மணி நேரம், சிலதுல 48 மணி நேரம் கழிச்சு அடின்னு இருக்கும். நடுவுல அடிச்சா என்ன ஆகும்னா மேல காஞ்சு அடில காயாம இருக்கிற கோட்ட புது பெயிண்ட் இளக்கி, பால் ஆடை மாதிரி சுருங்கி மடிஞ்சுடும். அப்புறம் மொத்தத்தையும் எடுத்துட்டு ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும். அதனால ஒரே மூச்சுல முடிக்கிறதுன்னா முடிங்க, இல்லனா நாளைக்கு, நாளன்னைக்கு.

காக்கி அடிச்சாச்சு, இப்ப டிசைன். வழி நெறைய இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்சது ஸ்பாஞ்சு. சதுர ஸ்பாஞ்ச அப்படியே வைக்காதீங்க, ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி விழும், ஓரத்த எல்லாம் கையால பிச்சு பிச்சு எடுத்துட்டு கரடுமுரடான உருண்டையாக்குங்க. ஆலிவ் பெயிண்ட்ட ஒரு அட்டைல குளம் மாதிரி அடிச்சு, ஸ்பாஞ்ச அதுல தொட்டு, பக்கத்துல பேப்பர்ல ரெண்டு ஒத்து ஒத்தி எடுத்துட்டு அப்புறம் ரைஃபிள்ல வைங்க. ஒவ்வொரு தடவையும் மணிக்கட்ட கொஞ்சம் திருப்பி வைக்கணும், ஒரே பக்கமா வச்சா கண்ணு உடனே புடிச்சுடும். இதுல நல்லது என்னன்னா புடிக்கலனா காக்கிய எடுத்து அது மேலயே ஒரு ஒத்து ஒத்தி அழிச்சுடலாம்.

இலை வச்சு அடிக்கிறது இன்னொண்ணு. ரொம்ப ஃப்ரெஷ்ஷான இலை வழுக்கும், காஞ்சது ஒடையும், பறிச்சு அரை நாள் வாடுனது சரியா இருக்கும். நீளமான புல்லு, ஃபெர்ன் மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு இருக்கிற இலை, சின்ன கிளை இதெல்லாம் நல்லா வரும். இடது கையால இலைய ஸ்டாக்ல அழுத்தி புடிச்சுக்கிட்டு 15 செ.மீ. தள்ளி வச்சு அடர் பழுப்ப புசுக்குன்னு ஒரே ஒரு அழுத்து, அவ்வளவு தான். இலை எடுத்துட்டு பாத்தா இலை இருந்த எடம் காக்கியா, சுத்தி பழுப்பு புகை மாதிரி இருக்கும். இலை ஒட்டியிருந்த பக்கம் ஓரம் கத்தி மாதிரி கூர்மையா இருக்கும், தூக்கிக்கிட்டு இருந்த நுனி பக்கம் மங்கி போயிருக்கும், இந்த கூர்மையும் மங்கலும் கலந்து வர்றது தான் ஆழமா தெரிய வைக்குது, வேணும்னே நுனிய தூக்கி விடுங்க. ஆனா வால்பேப்பர் மாதிரி உடம்பு முழுக்க இலையா அடுக்காதீங்க, மேல சொன்னேன்ல, தூரத்துல ஒண்ணா கலந்துடும். மொதல்ல பெரிய ஆலிவ் பட்டை குறுக்கால போடுங்க, அப்புறம் அந்த பட்டையோட ஓரத்த மட்டும் இலை வச்சு பிச்சு விடுங்க.

வலைன்னு ஒரு குறுக்கு வழி இருக்கு, வாஷிங் மெஷின்ல உள்ளாடை போடுற வலைப்பை. அத ரைஃபிள சுத்தி இறுக்கி துணி க்ளிப் போட்டுட்டு அங்கங்க திட்டு திட்டா அடிச்சா பாம்பு செதில் மாதிரி வரும், பாக்குறவங்க எப்படிடா பண்ணன்னு கேப்பாங்க. வலை ஒட்டாம தொளதொளன்னு இருக்கிற எடத்துல வெறும் மங்கலா வரும், அதனால பேரல் பக்கம் தனியா இன்னொரு க்ளிப். உண்மைய சொன்னா இது அழகுக்கு தான், அந்த செதில் 10 தப்படிக்கு அப்புறம் தெரியாது, திட்டோட வடிவம் தான் தெரியும்.

புலிக்கோடு மாதிரி வேணும்னா டேப் தான். டேப்ப கத்தரிக்காம கையால நீளவாக்குல கிழிச்சா ஓரம் கோணல்மாணலா வரும், அத காக்கி மேல ஒட்டி, ஆலிவ் அடிச்சு, அது மேல இன்னும் கொஞ்சம் டேப் ஒட்டி, பழுப்பு அடிச்சு, கடைசில எல்லாத்தையும் சேத்து உரிச்சா 3 கலரும் ஒண்ணா வெளிய வரும். உரிக்கிற அந்த நிமிஷம் இருக்கே, இந்த வேலைலயே பெரிய சந்தோஷம் அது தான். ஆனா இதுல ஒவ்வொரு கோட்டும் 24 மணி நேரமாவது, டப்பால 48ன்னா 48, காஞ்சிருக்கணும், இல்லனா டேப் போகும்போது காக்கியையும் கூட்டிக்கிட்டு போயிடும். அவசரக்காரங்களுக்கு ஆகாது.

எந்த வழியா இருந்தாலும் ரெண்டாவது கலர் பாதி முடிஞ்சதும் நிறுத்திட்டு, ரைஃபிள அப்படியே கம்பியோட கொண்டு போய் ஒரு செடி பக்கத்துலயோ புல்லு பக்கத்துலயோ மாட்டிட்டு முப்பது தப்படி பின்னாடி போங்க. கண்ண பாதி மூடி பாருங்க. ஃபோன்ல கருப்பு வெள்ளைல ஒரு ஃபோட்டோ எடுத்தீங்கன்னா இன்னும் தெளிவா தெரியும், கலர் இல்லாதப்ப தான் வெளிச்சம் இருட்டு வித்தியாசம் தெரியும். பேரல் இன்னும் ஒரே கோடா தெரியுதா, அங்க ஒரு பெரிய திட்டு பத்தல. மொத்தமும் சேறு மாதிரி ஒரே நெறமா தெரியுதா, அடர் கலர் கூடிப் போச்சு, காக்கிய எடுத்து ரெண்டு மூணு எடத்துல வெளுப்பா தொறந்து விடுங்க. நான் மொத ரைஃபிள்ல பின்னாடி போய் பாக்கவே இல்ல, முடிச்சுட்டு தான் பாத்தேன், கிட்ட பாத்தா ஓவியம், தள்ளி பாத்தா பழைய துரு புடிச்ச பைப்பு.

டேப்ப உரிக்கிறது கடைசி கோட் அடிச்சு அரை மணி, ஒரு மணி நேரத்துல, பெயிண்ட் தொட்டா ஒட்டாத ஆனா முழுசா இறுகாத நெலைல, மெதுவா பின்பக்கமா மடிச்சு இழுங்க. நல்லா காஞ்சுடுச்சுன்னா ஓரத்துல ப்ளேடால ஒரு கீறு கீறிட்டு உரிங்க. சுவத்துல எழுதி ஒட்டுன கணக்க எடுத்து அடைச்சதெல்லாம் வெளிய வந்துச்சான்னு சரி பாருங்க, பேரல் வழியா வெளிச்சத்த பாருங்க, போல்ட்ட கழட்டிட்டு.

மேல க்ளியர் கோட் வேணுமா? எனக்கு இஷ்டம் இல்ல. மேட் க்ளியர் அடிச்சா தேய்மானம் கொஞ்சம் கொறையும், ஆனா கொஞ்சம் தடிமனா விழுந்தா கூட லேசா மினுங்க ஆரம்பிச்சுடும், எந்த மினுமினுப்ப கொல்ல இவ்வளவு பாடுபட்டோமோ அத நாமளே காசு குடுத்து வாங்குன மாதிரி ஆயிடும். அடிக்கிறவங்க பேரல் பக்கம் விட்டுட்டு கை படுற எடத்துல மட்டும் அடிச்சுக்கோங்க.

தொட்டா காஞ்சிருக்கும், அத நம்பி தோள்ல மாட்டாதீங்க. ஒரு நாள் தொங்கட்டும், முழுசா இறுக ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் எண்ணெய், பேரல் கழுவுற சால்வெண்ட் எதுவும் பக்கத்துல வரக் கூடாது, அதுக்கு அப்புறமும் சால்வெண்ட் சிந்துனா உடனே தொடைச்சுடுங்க, ஊறுனா பெயிண்ட் இளகும். நெறைய சுடுறவங்களுக்கு பேரல் சூடேறும்போது மொத ரெண்டு தடவை வாடை வரும், சத்தம் கொறைக்கிற சப்ரஸர் மாதிரி கொதிக்கிற சாமான்ல சாதாரண ஸ்ப்ரே கருகிடும், அதுக்கு அதிக வெப்பம் தாங்குற பெயிண்ட் தனி.

கை படுற எடம், பைல உரசுற ஓரம் எல்லாம் சில மாசத்துல தேயும். தேயட்டும், தேஞ்சா தான் அந்த புதுசு போய் பாக்க நல்லா இருக்கும். ரொம்ப கருப்பு தெரிய ஆரம்பிச்ச எடத்த ஆல்கஹால்ல தொடைச்சுட்டு ஸ்பாஞ்சுல ரெண்டு ஒத்து, முடிஞ்சுது. மொத்தமா எடுக்கணும்னா உலோகத்துல மினரல் ஸ்பிரிட், விடாப்பிடியா இருந்தா அசிட்டோன், ப்ளாஸ்டிக்ல அசிட்டோன் வேணவே வேணாம், மொதல்ல ஸ்டாக்குக்கு உள்பக்கம் ஒரு மூலைல சோதிச்சு பாத்துட்டு எதையும் தேய்ங்க. அவன் க்ளீனர் போட்டா பெயிண்ட் சூப்பரா வருதுன்னு யாராவது சொல்லுவாங்க, அதுல காஸ்டிக் சோடா இருக்கு, அலுமினியம் பாகத்துல பட்டா பெயிண்ட்டோட அதோட அனோடைசிங்கும் (அலுமினியத்துக்கு பாதுகாப்பா இருக்கிற மேல் பூச்சு) போயிடும். மிச்சம் இருக்கிற டப்பாவ தலைகீழா புடிச்சு வெறும் காத்து வர்ற வரைக்கும் அடிச்சு நாசில சுத்தம் பண்ணிட்டு, எது எந்த வரிசைல அடிச்சீங்கன்னு 1, 2, 3ன்னு டேப்ல எழுதி அது மேலயே ஒட்டி வைங்க, ஆறு மாசம் கழிச்சு டச்சப் பண்ணும்போது எந்த பழுப்புன்னு தேடிக்கிட்டு இருக்க வேணாம்.